பட்டா ஏறும் நாள்

புதுக்கோட்டை மாவட்டத்தில், நார்த்தாமலை மாரியம்மனின் பங்குனித் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போன தலைமுறைக்குக் கூண்டு வண்டிதான் ஓடும் வீடு. உள்ளே வைக்கோல் பரப்பி ஜமுக்காளம் விரித்தால் பிள்ளைகளுக்குப் படுக்கை. வண்டிக்கு அடியில் நிழல். பக்கத்தில் மூன்று கல் வைத்தால் அடுப்பு.

கொட்டகையில் கிடக்கும் அப்படியொரு வண்டியை விறகாக்காமல் மீட்பது அருமையான வேலை. கூண்டு எளிது. மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிப் பாய் வேய்ந்துவிடலாம். சக்கரத்தில்தான் ஆசாரியின் கை தெரியும். குடத்தில் ஆரக்கால்களை அடித்து இறக்கி, அவற்றின் மேல் வட்டைகளைக் கோக்க வேண்டும். அத்தனையையும் இறுக்கிப் பிடிப்பது இரும்புப் பட்டா.

பட்டாவைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே கொல்லர் செய்வார். பிறகு வரட்டி அடுக்கித் தீ மூட்டுவார்கள். ஐந்தடிச் சக்கரத்தின் பட்டா 500 டிகிரி சூடேறினால், சுற்றளவு ஓர் அங்குலத்துக்கு மேல் கூடும். குறடுகளால் தூக்கிப் பொருத்தியதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆவி கிளம்பும், இரும்பு சுருங்கும், மூட்டுகள் முனகியபடி இறுகும். வெப்ப விரிவைப் பாடநூலில் படிக்கும் பிள்ளைகள் இதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

மிச்சமிருப்பது வண்டி மை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவி, சக்கரத்தை மாட்டிக் கடையாணியைச் செருகினால், மாடு பூட்ட வேண்டியதுதான்.