வெட்டுக் கணக்கு

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒரு ஸ்டாண்டு. அவ்வளவுதான் விஷயம். கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறது. ஆனால், நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று ஒரு ஞானம் பிறக்குமே, ‘இதை நாமளே செஞ்சா என்ன?’ என்று... அது எனக்கும் பிறந்தது. படித்தது பி.காம். பிழைப்பு எழுத்து. இரும்புக்கும் எனக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு, வீட்டு கேட்டைத் திறந்து மூடுவது.

ஒரு முழு நீளம் எல் ஆங்கிள் வாங்கினேன். 25-க்கு 25 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர். அதைப் பன்னிரண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தால் தெருமுனை பட்டறையில் வெல்டிங் வைத்துத் தருவார்கள். எதைக் கொண்டு வெட்டுவது? பாரிமுனைக்குப் போய் ஒரு டூல்ஸ் கடையில் கேட்டேன்.

“ஒரு ஏ.ஜி. ஃபோர் எடுத்துட்டுப் போங்க சார். எல்லாத்தையும் வெட்டும்.”

“எல்லாத்தையும்னா?”

“எல்லாத்தையும் சார்!”

அந்த ‘எல்லாத்தையும்’ என்பதில் விரலும் அடக்கம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏ.ஜி. ஃபோர் என்பது நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். நம்ம ஊர் பட்டறைகளில் அதற்கு அதுதான் பெயர். புது வீடு கட்டும் தெருவில் ‘க்ரீச்ச்ச்’ என்று காது கிழிய, மத்தாப்பு மாதிரி பொறி பறக்க ஒருவர் கம்பி அறுத்துக்கொண்டிருப்பாரே, அது. 1954-ல் ஜெர்மனியில் பிறந்த மெஷின். செய்த கம்பெனியின் ‘ஃப்ளெக்ஸ்’ என்ற பெயரையே அங்கே இன்றும் மெஷினுக்கு வைத்துக் கூப்பிடுகிறார்கள். நாம் போட்டோ காப்பியை ஜெராக்ஸ் என்பது போல.

அன்றைக்கு அதை வாங்கவில்லை. காரணம் புத்திசாலித்தனம் அல்ல, பர்ஸ். ஆக்ஸா பிளேடும் அதற்கு ஒரு ஃபிரேமும் மட்டும் வாங்கி வந்தேன். அதற்குப் பின் மூன்று வருடத்தில் இரும்பு வெட்டும் சாமான்கள் பலவற்றை வாங்கியும், கடன் வாங்கியும், வாடகைக்கு எடுத்தும் பார்த்துவிட்டேன். சினிமா விமரிசனம் எழுதுகிறவன் படத்துக்கு மார்க் போடுவது போல இவற்றுக்கும் ஒரு மார்க் ஷீட் போட்டால் யாருக்காவது உதவுமே என்றுதான் இந்த வாரம் இது.

*

முதலில் ஆக்ஸா பிளேடு. பாவம், எல்லோரும் இதை ஏழை வீட்டுப் பிள்ளை மாதிரியே நடத்துகிறோம். என் முதல் வெட்டுக்கு ஏழு நிமிடம். வியர்வை ஒரு லிட்டர். எதிர் வீட்டுப் பெரியவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பொறுக்க முடியாமல் வந்துவிட்டார்.

“தம்பி, பிளேடைத் திருப்பி மாட்டியிருக்கீங்க. பல்லு முன்னாடி பார்க்கணும். தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது சும்மா வரணும்.”

மாட்டிக் காட்டினார். அப்புறம் பிளேடின் ஓரத்தில் இருந்த நம்பரைப் படிக்கச் சொன்னார். 18. அதாவது, ஒரு இஞ்சுக்கு 18 பல். “மூணு மில்லி கனத்துக்கு இது ஆவாது. எப்பவும் மூணு பல்லாவது இரும்பு மேல இருக்கணும். இல்லேன்னா பல்லு மாட்டிக்கும், உதிரும்.” கணக்குப் போட்டுப் பார்த்தேன். 18 பல் பிளேடில் 3 மில்லிமீட்டருக்குள் இரண்டு பல்தான் வருகிறது. 24 பல் பிளேடில் கிட்டத்தட்ட மூன்று. மெல்லிய பைப்புக்கும் தகட்டுக்கும் 32. கெட்டியான கம்பிக்குத்தான் 18. நிமிடத்துக்கு ஐம்பது தள்ளுக்கு மேல் வேண்டாம், வேகமாக இழுத்தால் பிளேடு சூடாகிப் பல் மழுங்கும். இவ்வளவுதான் சாஸ்திரம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிற பையனுக்கு ஆரம்பத்திலேயே அரமும் ஆக்ஸாவும் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு டிகிரி முடிந்து கால் நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது.

24 பல் பிளேடு மாட்டினேன். நாலாவது துண்டு மூன்றே நிமிடம். பன்னிரண்டு துண்டும் டீ இடைவேளை உள்பட ஒன்றேகால் மணி நேரம். ஒரே பிளேடு. சத்தம் இல்லை, பொறி இல்லை, கரண்ட் வேண்டாம். குறை என்ன? கோணல். என் கை நேராகப் போகவில்லை. ஒரு கால் 3 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. அதைப் பிளேடு மேல் போட முடியாது. ஒரு நல்ல வைஸ் வாங்கிப் பிடித்திருந்தால் பாதிக் கோணல் குறைந்திருக்கும். மார்க்: நூற்றுக்கு எழுபது.

*

அடுத்தது, ‘எல்லாத்தையும்’ வெட்டும் அந்த மகானுபாவர். வீட்டம்மா பூந்தொட்டிக்கு ஸ்டாண்டு கேட்டபோது வாங்கினேன். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கட்டிங் வீல். அதே எல் ஆங்கிள், அதே பன்னிரண்டு துண்டு. பன்னிரண்டே நிமிடம்! ‘இவ்வளவு நாளா ஏமாந்துட்டோமே’ என்று தோன்றியது உண்மை.

ஆனால் காமர்ஸ்காரன் புத்தி சும்மா இருக்குமா? மெஷின் விலை ஃபிக்ஸட் காஸ்ட். மற்றதெல்லாம்? வெட்டின ஒவ்வொரு முனையிலும் கத்தி மாதிரி பிசிறு. அரம் வைத்துத் தேய்க்க இருபது நிமிடம். மாடியைக் கூட்டிப் பெருக்கக் கால் மணி. வீல் இரண்டு காலி. இதில் பெரிய செலவு பதினைந்து நாள் கழித்து மழை பெய்த பின்னர்தான் தெரிந்தது. வெயிலுக்காக மொட்டை மாடியில் வெள்ளை டைல்ஸ் ஒட்டியிருந்தோம். அதில் ஒரு மூலை முழுக்க அம்மை போட்டது போல துருப்புள்ளிகள். பறந்த பொறிகள் டைல்ஸில் ஒட்டிக்கொண்டு, ஈரம் பட்டதும் துருவாகிவிட்டன. ஜன்னல் கண்ணாடிப் பக்கம் பொறி போனால் கண்ணாடியிலேயே பதிந்துவிடும், துடைத்தால் போகாது. பக்கத்தில் ஸ்கூட்டர் நின்றால், பெட்ரோலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் பைசா நஷ்டம். இனி சொல்லப் போவது அப்படி அல்ல.

ஒரு நாள் வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மெஷினை அப்படியே ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் காபி குடிக்கக் கீழே போனேன். என் மெஷினில் இருந்தது தள்ளிவிட்டால் பூட்டிக்கொள்ளும் ஸ்விட்ச். அது ‘ஆன்’ நிலையிலேயே இருந்தது. பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. மாடியில் ‘க்ரீச்’, தடால், ‘டப்’! ஓடிப் போய்ப் பார்த்தால், மெஷின் தரையில் துள்ளிக்கொண்டிருக்கிறது. வீல் மூன்று நான்கு துண்டு. ஒரு துண்டு செம்பருத்தித் தொட்டி மண்ணுக்குள் பாதி இறங்கியிருந்தது. அந்தத் தொட்டிப் பக்கத்தில்தான் என் மகள் தினமும் சாயந்திரம் உட்கார்ந்து படிப்பாள். அன்றைக்கு டியூஷன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 11,000 சுற்று, நாலு இஞ்ச் வீல். அதன் விளிம்பு ஓடும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். தெறிக்கும் துண்டும் அந்த வேகத்தில்தான் கிளம்பும்.

இந்த மெஷினுக்கு ஒரு கார்டு கொடுக்கிறார்கள். வீலின் பாதியை மூடும் இரும்புக் கவசம். நம் ஊர்ப் பட்டறைகளில் அது எங்கே இருக்கும் தெரியுமா? சுவரில், ஆணியில். ‘மறைக்குது சார்’ என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். செருப்புக் கால், மடித்துக் கட்டிய லுங்கி, கண்ணுக்குப் பாதுகாப்பு என்று பார்த்தால் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பீஸ் கணக்கில் கூலி, கேட்க ஆள் இல்லாத வேலை. கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டியது முதலாளி. ஆனால், வீட்டில் ஆசைக்கு வெட்டும் நாமும் அவர்களைப் பார்த்துத்தான் வேலை பழகுகிறோம். அவர்களுக்கு விதி, நமக்கு என்ன கேடு?

கண்ணில் விழும் இரும்புத் துகள் சில மணி நேரத்திலேயே கருவிழியில் துரு வளையம் போட்டுவிடும். துகளை எடுத்த பிறகும், அந்தத் துருவை டாக்டர் தனியாகச் சுரண்ட வேண்டும். எங்கள் ஃபிட்டர் பெரியவர் இரண்டு தடவை சுரண்டிக்கொண்டவர். “கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டா போதும்னு நெனச்சேன் தம்பி. சைடுல வந்துடுச்சு” என்றார்.

ஆகவே, வாங்கியே தீருவேன் என்பவர்கள் கடையில் பார்க்க வேண்டியது வாட்ஸை அல்ல. கையை எடுத்தால் தானே நின்றுவிடும் பேடில் ஸ்விட்ச் இருக்கிறதா? கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாத வசதி இருக்கிறதா? வீலில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச வேகம், மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? வீலின் நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் தேதி இருக்கும், பாருங்கள். ஆம், மாத்திரை மாதிரி இதற்கும் எக்ஸ்பைரி உண்டு. பிசினால் ஒட்டின வீல், தயாரித்து மூன்று வருடம்தான். கட்டிங் வீலைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவே கூடாது. தேய்க்க 6 மில்லிமீட்டர் வீல் தனியாக இருக்கிறது. மார்க்: கார்டோடு அறுபது, கார்டு இல்லாமல் பூஜ்யம்.

*

சாப் சா. 14 இஞ்ச் வீலை மேலிருந்து கீழே அழுத்தி வெட்டும் மெஷின். நண்பரின் பட்டறையிலிருந்து ஒரு வாரம் கடன். ஒரே அளவில் ஐம்பது துண்டு வேண்டுமா, இதுதான். ஆனால் 2,000 வாட்ஸுக்கு மேல் இழுக்கும். டி.வி. போடும் பிளக்கில் சொருகாதீர்கள், ஏ.சி.க்கு இருக்கும் 16 ஆம்பியர் பிளக் வேண்டும். சூடு, பொறி, கரித்தூள் எல்லாம் மொத்த வியாபாரம். பக்கத்து மாடியில் காய்ந்த வெள்ளை வேட்டி சாம்பல் வேட்டியானது. மன்னிப்புக் கேட்டேன். வேட்டி வாங்கியும் கொடுத்தேன். அதுவும் காஸ்ட்தானே! மார்க்: பட்டறைக்கு எழுபது, வீட்டுக்கு முப்பது.

அதே உருவத்தில் கோல்டு சா என்று ஒன்று இருக்கிறது. வீலுக்குப் பதில் கார்பைடு பல் வைத்த வட்ட ரம்பம். நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்றுதான். இரும்பு பொறியாகப் பறக்காமல் சீவலாக விழும். வெட்டின முனை பிசிறில்லாமல், உடனே கையில் எடுக்கலாம் போல இருக்கும். அழகு! விலையும் அழகு. இங்கே ஒரு எச்சரிக்கை: ‘அந்த பிளேடை மட்டும் வாங்கி சாப் சாவில் மாட்டிட்டா?’ என்று யோசிக்காதீர்கள். சாப் சா ஓடுவது 3,800 சுற்றில். பல் ஒவ்வொன்றும் தோட்டாவாகிவிடும்.

மெல்லிய தகடுதான் என்றால் இவ்வளவு ஆர்ப்பாட்டமே வேண்டாம். தகரம் வெட்டும் கத்தரி போதும். வளைவாக வெட்ட, உலோக பிளேடு மாட்டின ஜிக் சா. மெதுவாக ஓட்டி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சமர்த்தாகப் போகும்.

*

கடைசியாக, நான் காதலில் விழுந்தது கையடக்க பேண்ட் சா. இரண்டு சக்கரத்தில் ஒரு நாடா பிளேடு சுற்றிச் சுற்றி ஓடும். மிக்ஸி அளவுக்குக்கூடச் சத்தம் இல்லை. பொறி என்பதே அநேகமாக இல்லை. எல் ஆங்கிளை அரை நிமிடத்தில், வெண்டைக்காய் நறுக்குவது போல நறுக்குகிறது. பிசிறை அரத்தால் ஒரு தடவு தடவினால் போதும். குறைகள் உண்டு. கிரைண்டர் விலையைப் போலப் பல மடங்கு. பிளேடு தெருமுனை ஹார்டுவேரில் கிடைக்காது, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதன் வாய்க்குள் நுழையும் சாமானைத்தான் வெட்டும். விரல் அந்த வாய்க்குள் போனால் அதையும் வெட்டும், சந்தேகம் வேண்டாம். ஆனால் கரண்ட் போய் வந்தால் துள்ளாது. என் மெஷினில் விசையை விட்டால் நின்றுவிடுகிறது. மார்க்: எண்பத்தைந்து.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? வருடத்துக்குப் பத்து வெட்டு என்றால் ஆக்ஸா, 24 பல் பிளேடு, நல்ல வைஸ். மாதத்துக்குப் பத்து என்றால் கார்டு கழற்றாத கிரைண்டர். வாராவாரம் வெட்டுகிறவர் என்றால் காசு சேர்த்து பேண்ட் சா. ஒரே ஒரு ஸ்டாண்டுதான் என்றால், இரும்பு வாங்கும் கடையிலேயே அளவைச் சொல்லுங்கள். வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வெட்டித் தருகிற கடைகள் நிறைய உண்டு. இதைப் பன்னிரண்டு துண்டு அறுத்த பிறகுதான் அந்தக் கடைக்காரரே என்னிடம் சொன்னார்!

எதை வாங்கினாலும் முதல் பில் பக்கவாட்டும் மூடின கண்ணாடிக்கு. கிரைண்டர், சாப் சா என்றால் முகம் மூடும் ஷீல்டும், காதுக்கு அடைப்பானும். அசையும் சொத்து, அசையா சொத்து என்றெல்லாம் எனக்கு காலேஜில் பாடம் எடுத்தார்கள். கண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கு டிப்ரிஸியேஷன் போட்டுக் கழித்துவிட்டுப் புதுசு வாங்க முடியாது.

முதல் ஸ்டாண்டு இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. ஒரு கால் 3 மில்லிமீட்டர் குட்டை என்றேனே, ரொம்ப நாள் ஆடிக்கொண்டே இருந்தது. மாடியில் உடைந்த அந்த வீலின் துண்டுகளை நான் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் கனம். மூன்றை அடுக்கி அந்தக் காலுக்கு அடியில் சொருகினேன்.

கணக்கு நேராகிவிட்டது.