பிறப்பைக் கொடுத்துவிட்டார்கள்

ஒரு பாத்திரத்துக்கு நல்லது செய்யப் போய் அதைக் கெடுத்துவிட முடியுமா? முடியும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘மார்ட்டல் காம்பாட்’ என்ற அமெரிக்கச் சண்டை விளையாட்டில் வரும் மிலீனாவுக்கு நேர்ந்ததைப் பார்த்தபின் அந்த எண்ணம் உறுதிப்பட்டது.

1993-ல், அந்த வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் அவள் அறிமுகமானாள். இளவரசி கிடானாவின் இரட்டைச் சகோதரி என்று பெயர். முகத்தில் பாதியைத் துணி மறைத்திருக்கும்; துணியை எடுத்தால் கோரைப் பற்கள். உடன்பிறப்பு என்பது பொய். ஷாங் சுங் என்ற மந்திரவாதி கிடானாவைப் போலவே செய்துவைத்த நகல் அவள். தாய் கிடையாது, தொட்டில் கிடையாது. இருந்தும் சிம்மாசனம் எனக்குத்தான் என்றாள். 2015-ல் வந்த பாகத்தில், பறிபோன சிம்மாசனத்தை மீட்கப் போராடி உயிரையும் விட்டாள். 2019-ல் அடுத்த பாகம் அவள் இல்லாமல் வெளிவந்தது. ரசிகர்கள் விடவில்லை, மறு வருஷமே அவளைச் சேர்த்தார்கள்.

2023-ல் கதையைப் புதிதாகத் தொடங்கினார்கள். இதில் மிலீனா நிஜமாகவே ராணி சிண்டெலின் மகள். கிடானாவுக்கு மூத்தவள். பட்டத்துக்கு உரியவள். பற்கள் டார்காட் என்னும் நோயால் வந்தவை. கடைசியில் முடிசூட்டும் நடக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டார்கள்.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். வெறும் பூதமாக இருந்தவளுக்குக் கௌரவம் வந்தது, தான்யா என்று அன்பு செலுத்த ஒருத்தியும் கிடைத்தாள் என்று ஒரு கட்சி சந்தோஷப்பட்டது. பழைய வெறியும் சிரிப்பும் போயினவே என்று மற்றக் கட்சி வருந்தியது.

வருந்தியவர்கள் பக்கம்தான் நான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் போதாது. வெறியோடு ஒரு கேள்வியும் போய்விட்டது. பிறக்காமல், செய்யப்பட்டு வந்த ஒருத்திக்கு உலகத்தில் பாத்தியதை உண்டா என்ற கேள்வி. கர்ணனை அரண்மனையிலேயே குந்தியின் தலைமகனாக வளர்த்துவிட்டால் பாரதத்தில் ஒரு ராஜகுமாரன் கூடுவான், கர்ணன் இருக்கமாட்டான்.

நோயாளியை ஊர் ஒதுக்குவதும், அதற்கு அஞ்சித் தாய் மகளின் நோயை மறைப்பதும் சின்ன விஷயமல்ல. நல்ல கதைக்கு அது போதும். ஆனால் அது வேறொருத்தியின் கதை. நோயென்றால் என்றாவது குணமாகலாம். பழைய மிலீனாவிடம் குணமாக எதுவும் இல்லை, அவள் அப்படித்தான்.

நாவல் எழுதுகிறவர்களுக்கும் இந்தச் சபலம் உண்டு. பாடுபட்ட பாத்திரத்துக்குக் கடைசி அத்தியாயத்தில் நல்ல குலத்தைக் கொடுத்துவிடத் தோன்றும். வாசகர்களும் மகிழ்வார்கள். ஆனால், குலம் இருந்தால்தான் உரிமை என்று அவளை விரட்டியவர்கள் சொன்னதை அப்போது நாமும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம். மிலீனா முடிசூடட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. நகலாகவே இருந்து சூடியிருக்கலாம்.