ஈரலுக்கு வைத்த பெயர்

செய்யாற்றில் எங்கள் தெருவுக்குப் பாவு பிணைக்கிறவர் வந்தால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவேன். தறியில் தீர்ந்துபோன பாவின் நுனியும் புதுப் பாவின் நுனியும் எதிரெதிரே கிடக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று, மெல்ல ஒரு முறுக்கு. ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் அதே நிதானம். பிணைத்து முடித்தால் விழுதிலும் அச்சிலும் மறுபடி கோக்க வேண்டியதில்லை. பழையது புதியதைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகும்.

2023 ஜூனில் ஒரு நோய்க்குப் பெயர் மாறியது. அது மாறிய விதத்தைப் படித்தபோது அந்தச் சாம்பல் பூசிய விரல்கள்தாம் கண்முன் நின்றன.

பழைய பெயரைக் கொஞ்சம் பாருங்கள்: ‘மது சாராக் கொழுப்புக் கல்லீரல் நோய்’. 1980-ல் லுட்விக் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் குடிக்காதவர்களின் ஈரலிலும் அழற்சியைக் கண்டு, ‘மது சாரா’ என்ற அடைமொழியை வைத்தார்கள். அன்றைக்கு அது நேர்மையான சொல். ஆனால், எதனால் வந்தது என்று சொல்லாமல், எதனால் வரவில்லை என்று சொல்லும் பெயர். எதிர்வீட்டு அக்கா ஸ்கேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் சொட்டுக்கூடத் தொட்டதில்லையே தம்பி, இதுல எதுக்கு அந்தப் பேச்சு?” என்று கேட்டார். மறுத்துச் சொன்னாலும் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

அந்தப் பெயரை மாற்ற எடுத்துக்கொண்ட வழிக்கு டெல்ஃபி முறை என்று பெயர். 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பிறந்தது. வல்லுநர்களிடம் தனித்தனியே கேள்வித்தாள் போகும். விடைகளைத் தொகுத்து, யார் சொன்னது என்ற அடையாளமின்றி, எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார்கள். மற்றவர் எண்ணத்தைப் படித்தபின் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம், விடாமலும் நிற்கலாம். இந்த ஏற்பாட்டின் நாகரிகம் என்னை மயக்குகிறது. உரத்த குரலுக்கு அங்கே வேலையில்லை. மூத்தவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்ட வேண்டியதில்லை. தன் கருத்தை மாற்றிக்கொண்டவருக்குத் தலைகுனிவும் இல்லை.

ஈரல் நோய்க்காக 56 நாடுகளிலிருந்து 236 பேர் இப்படி எழுதினார்கள். நான்கு சுற்றுகள். ஈரல் மருத்துவர்களோடு குழந்தை மருத்துவர்களும், நோயாளிகளுக்காகப் பேசும் அமைப்பினரும் இருந்தார்கள். நூற்றுக்கு 67 பேர் இசைந்தால்தான் ஒருமித்த கருத்து என்று முன்கூட்டியே கோடு கிழித்திருந்தார்கள். பெயரை மாற்றுமளவுக்குக் குறை உண்டு என்றவர்கள் 74 சதவீதம். ‘மது சாரா’ என்பது களங்கம் சுமத்துகிறது என்றவர்கள் 61. ‘கொழுப்பு’ அப்படிச் செய்கிறது என்றவர்கள் 66. அந்த 66-ஐச் சற்று நின்று ரசியுங்கள். கோட்டுக்கு ஒரே படி கீழே. அதை உள்ளபடியே அச்சிட்டிருக்கிறார்கள். அதைவிட அழகு, புதுப் பெயரின் சுருக்கத்துக்கும் நோயை அறியும் வரையறைக்கும் இறுதிப் பரிந்துரையை, இந்தப் பணிக்கு வெளியே இருந்த வேறொரு வல்லுநர் குழுவிடம் விட்டது.

வந்த பெயர், வளர்சிதை மாற்றக் கோளாறைக் காரணமாக முன்னே நிறுத்துகிறது. ‘கொழுப்பு’ என்ற சொல் இருந்த இடத்தில், கிரேக்க வேரிலிருந்து வந்த ‘ஸ்டியாடோடிக்’. அந்த வேருக்கும் பொருள் கொழுப்புதான்! பொருள் அங்கேயே இருக்கிறது, முள் மட்டும் உதிர்ந்துவிட்டது. பழைய பெயரால் அறியப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருமே புதிய வரையறைக்குள்ளும் வருகிறார்கள். ஆகவே நாற்பது ஆண்டு ஆராய்ச்சி வீணாகவில்லை. விழுதில் ஓர் இழைகூட மறுபடி கோக்கப்படவில்லை.

தமிழில் இந்த முள் இன்னும் கூர்மை. “உனக்கு எவ்வளவு கொழுப்பு!” என்று திட்டுகிற மொழி நம்முடையது. ஈரலில் கொழுப்பு என்று மருமகள் வாய்விட்டுச் சொன்னால் மாமியார் காதில் எப்படி விழும்? ‘நிணம்’ என்று மாற்றலாமா என்று ஆசையாகப் பார்த்தேன். நல்ல பழஞ்சொல். ஆனால் நிணநீர் என்று வேறொன்றுக்கு அதைக் கொடுத்துவிட்டோம்.

மருத்துவத்துக்குத் தமிழ்ச் சொல் தேடுவது நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறுவை மருத்துவத்தைத் தமிழில் தந்த நூலுக்கு ‘இரணவைத்தியம்’ என்று பெயர். வாயில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். கத்தி கண்ணில் படவேயில்லை, ஆற வேண்டிய புண்தான் தெரிகிறது. அத்தனை கனிவான சொல் ஒன்று ஈரலுக்கும் அமைய வேண்டும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள மருத்துவர்களுக்கும், சித்த வைத்தியர்களுக்கும், சொல்லாய்வு செய்கிறவர்களுக்கும் ஒரு கேள்வித்தாள் போகட்டும். எதிர்வீட்டு அக்காவுக்கும் ஒன்று. தறியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் உரக்கப் படித்துப் பார்த்துத்தான் அவர் குறி போடுவார்.