தபரீயின் பதிவில் ஸன்ஜ் கிளர்ச்சி

பஸ்ராவின் உவர்நிலங்களில் ஸன்ஜ் அடிமைகள் நடத்திய கிளர்ச்சியை (ஹிஜ்ரி 255–270, கி.பி. 869–883) இமாம் தபரீ தம் வரலாற்றுப் பெருநூலில் விரிவாகப் பதிந்துள்ளார். அதன் தலைவர் அலீ இப்னு முஹம்மதை அவர் அல்லாஹ்வின் பகைவன் என்றே சுட்டுகிறார். 871இல் பஸ்ரா சூறையாடப்பட்ட கொடுமையை அறிந்தோர்க்கு அச்சினம் விளங்கும்.

ஆயினும் அச்சினத்தையும் மீறி அவர் காத்துத் தந்த சிறு செய்திகளே நம்மைப் பெரிதும் ஈர்க்கின்றன. ரைஹான் என்னும் அடிமை, எசமானரின் ஆட்களுக்கு மாவு கொண்டு செல்கையில் பிடிபடுகிறார். உவர்மண் அகற்றுவோர்க்கு மாவும் பேரீச்சம்பழமும் எவ்வளவு கிடைக்கின்றன என்று தலைவர் அவரிடம் வினவுகிறார். பின்னர், தலைக்கு 5 தீனார் தருவதாக எசமானர்கள் பேரம் பேசுகின்றனர். அவரோ, அடிமைகளைக் கொண்டே அவர்களுக்கு 500 அடி கொடுக்கச் செய்கிறார். அப்பாஸியரின் பக்கம் நின்று எழுதியவர் இதனை மறைத்திருக்கலாம், தபரீ மறைக்கவில்லை.

தலைவர் தம்மவர்க்கு அளித்த வாக்குறுதியையும் அவர் மறைக்கவில்லை: செல்வம், வீடு, அவற்றோடு சொந்தமாக அடிமைகளும்! இக்கிளர்ச்சியை அடிமைமுறை ஒழிப்பாகப் போற்றுவோர் இவ்வரியைக் கண்டும் காணாதவராய்க் கடந்துவிடுகின்றனர். நாமும் முதல் வாசிப்பில் அவ்வாறே கடந்தோம்.