நாபோத்தின் ஊர் மூப்பர்: 'ஜெய் பீம்' படமும் கல்வராயன் மலையும்

த. செ. ஞானவேல் இயக்கத்தில் 2021 நவம்பரில் வெளிவந்த 'ஜெய் பீம்' என்னும் திரைப்படத்தைப் பற்றி நம் மாணவரிடையே எழும் பேச்சு பெரும்பாலும் பாராட்டாகவே இருக்கிறது. பாராட்டுக்குக் காரணமும் உண்டு. படத்தின் முதற் காட்சியிலேயே சிறைவாயிலில் விடுதலையாகி வருவோரின் சாதி கேட்கப்படுகிறது. சிலர் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். மற்றவர் ஒதுக்கி நிறுத்தப்பட்டு, துப்புத் துலங்காத வழக்குகளுக்கெனக் காவலரிடம் பங்கிட்டுக் கொடுக்கப்படுகின்றனர். குற்றவாளி யார் என்ற கேள்விக்கு, விசாரணை தொடங்குமுன்பே சாதிப்பெயர் விடையாகிவிடுகிறது. தப்பெண்ணத்தாற் பிறக்கும் குற்றத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் காட்டியதில்லை எனலாம்.

கடலூர் மாவட்டத்து முதனை ஊரில் 1993-இல் நிகழ்ந்த இராசாக்கண்ணுவின் காவல்நிலையச் சாவே இக்கதையின் மூலம். உண்மையில் அவர் குறவர். படமோ அவரை இருளராக்கியது. துன்புற்றவரின் சமூகத்தையே மாற்றிவிடும் உரிமை கலைஞனுக்கு உண்டா என்று அன்றே சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானதே, ஆயினும் இங்கே நாம் எழுப்ப விரும்பும் குறை வேறு.

இப்படத்தில் மனிதர் இருவகையினர். வெறுப்பவர் ஒருபுறம், நேசிப்பவர் மறுபுறம். லத்தியோடு வருகிறவர் பகைவர். புத்தகத்தோடு வரும் ஆசிரியையும், சட்டத்தோடு வரும் வழக்கறிஞரும், செங்கொடியோடு வரும் தோழரும் நண்பர். அன்பு பேசி அருகில் வருகிறவர் எவரும் செங்கேணியைக் கைவிடுவதில்லை. அநீதிக்கு ஒரே முகம், அதுவும் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற முகம். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து பார்க்கும்போது இப்பிரிவினை நம்மை இடறச் செய்கிறது. அங்கே மலைமக்களைச் சிறைக்கும் சாவுக்கும் இட்டுச்சென்ற கை, பல வேளைகளில், முன்பு அவர்கள் தோளில் உரிமையோடு கிடந்த கையே.

கல்வராயன் மலையின் பழைய வரலாறே இதற்குச் சான்று. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என மூன்று ஜாகிர்களாக இம்மலை நெடுங்காலம் ஆளப்பட்டது. ஜாகிர்தார்கள் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவர் அல்லர், மலைத்தலைவராக மதிக்கப்பட்டவர். வரியும் கூலியில்லா வேலையும் அம்மதிப்பின் பேராலேயே பெறப்பட்டன. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்று, 1976-இல்தான் இம்மலை முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டிற்றான் நிறைவேறிற்று. (திருவிதாங்கூரில் இத்தகைய கூலியில்லா வேலைக்கு 'ஊழியம்' என்று பெயர். நாம் பீடத்தருகே நின்று அன்றாடம் வழங்கும் சொல் அது என்பதை மாணவர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.)

ஜாகிர்தார் போன இடத்திற்கு மேஸ்திரி வந்தார். இவர் மலையாளிப் பழங்குடியினரின் பேச்சைப் பேசத் தெரிந்தவர், பலவேளை உறவினர். பிள்ளையின் காய்ச்சலுக்கும் மகளின் திருமணத்துக்கும் கேளாமலே பணம் தருகிறவர். வங்கி கேட்கும் பத்திரமும் அவர் கேட்பதில்லை. பின்னொருநாள், வெளியூரில் கட்டட வேலை இருக்கிறது, முன்பணம் கழியும்வரை வந்தாற் போதும் என்கிறார். பேருந்து ஆந்திர எல்லையைத் தாண்டியபின்பு கையிற் கொடுக்கப்படுவது கரண்டியன்று, கோடரி. கல்வராயன், சவ்வாது, சித்தேரி மலைகளைச் சேர்ந்த பலர் செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் கிடந்தது இவ்வழியேதான். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவற்படையினரின் துப்பாக்கிக்கு இரையான இருபது பேரும் தமிழரே. அவர்களுட் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைப்பகுதியினர். தங்களோடு வந்தவர்கள் வழியிலேயே பிடித்துக்கொண்டு போகப்பட்டனர் என்று உயிர்தப்பியோர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி கூறினர்.

இங்கே இரண்டு தீமைகள் இருப்பதாகத் தோன்றும். ஒன்று, மலைக்காரனைக் கண்டவுடன் சுடத் துணிகிற தப்பெண்ணம். மற்றொன்று, அவனை நயமாகப் பேசிக் கூட்டிச்சென்ற கள்ளநட்பு. முன்னதைக் காவல்துறையின் கணக்கிலும் பின்னதைத் தனிமனிதப் பேராசையின் கணக்கிலும் எழுதிவிடுகிறோம். ஆனால் ஒன்றின்றி மற்றொன்று வாழாது. கூட்டிச்சென்றவனுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது? மாட்டிக்கொண்டால் மலைக்காரன் சொல்வதை எவரும் நம்பமாட்டார் என்ற நிச்சயத்திலிருந்தே வந்தது. பகைவன் உண்டாக்கிய இகழ்ச்சியே நண்பன் என்று வருகிறவனின் முதலீடு.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் நேர்ந்ததையும் இவ்வாறே படிக்க வேண்டும். மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். விற்றவர் அப்பகுதியிலேயே குடியிருந்து, வாங்குவோரின் பெயரும் குடும்பமும் அறிந்தவர். கொன்ற பொருளோ தொழிற்சாலை வேதிப்பொருள், மலையில் வடித்ததன்று. ஆயினும் செய்தி பரவிய சில நாட்களுக்குள் பலர் வாயிலும் கல்வராயன் மலையின் பெயரே அடிபட்டது. தேடுதல் வேட்டையும் மலைமேல் ஏறிற்று. சாராய வழக்குகள் அம்மலையில் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அறியப்பட்ட ஒரு பெயர் எப்போதும் ஆயத்தமாக இருப்பது, அறியப்படாத பெயர்களுக்கு எவ்வளவு வசதி! அவ்வாண்டு ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாராயத்தைப் பற்றிய பேச்சு சாலை, கல்வி, பிழைப்பு ஆகியவற்றைப் பற்றிய பேச்சாக மாறியது அதன் பின்னரே.

இத்தொடர்பைத் தெளிவாகக் கண்டு சொன்ன எழுத்து திரையிலன்றி நீதிமன்றத்திலிருந்தே வந்தது என்பது நம் துணிபு. கல்வராயனுக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் இருப்பது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி வனத்துறையினர், காவலர், வருவாய்த் துறையினர் அவ்வூருக்குட் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர், ஊரே சூறையாடப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில், நீதிபதி பெ. வேல்முருகன் அத்தீர்ப்பை உறுதிசெய்தார். உண்மையான கடத்தற்காரரையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றவே மலைப்பெண்கள் பலியாக்கப்பட்டனர் என்ற கருத்தையும் அவர் தம் தீர்ப்பில் எழுதினார். இலக்கியத் திறனாய்வாளர் எவரும் இத்தீர்ப்பை ஒரு நூலாகக் கொண்டு படித்ததாகத் தெரியவில்லை, படிக்கத்தக்கது. வெறிச்செயலுக்குப் பின்னால் ஒரு இலாபம் ஒளிந்திருக்கிறதா என்று தேடும் கண் அதில் இருக்கிறது.

சட்டமும் இக்கண்ணை மெதுவாகவே பெற்றது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு முக்கியப் பிரிவு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் 'என்ற காரணத்தாலேயே' குற்றம் செய்யப்பட்டதாக மெய்ப்பிக்கக் கோரியது. நெஞ்சிலுள்ள காரணத்தை எவர் மெய்ப்பிப்பார்? சாதியைச் சொல்லித் திட்டினால் அகப்படுவான். சிரித்துப் பேசிச் சூறையாடுகிறவன் தப்புவான். 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அவர் இன்னார் என அறிந்திருந்தாலே போதும் என்றாக்கியது. மேஸ்திரியைவிட நன்றாக இதை அறிந்தவர் யார்?

கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்' நாவல் இவ்வகையில் 'ஜெய் பீ'மைவிட ஒருபடி முன்னே நிற்கிறது. கொல்லிமலை மலையாளி மக்களைப் பற்றிய அந்நாவலில் சுரண்டல் கடனாகவும் வாணிகமாகவும் வந்து நிற்கிறது. காவலரின் அடி மட்டுமே கொடுமை என்ற எளிய கணக்கு அங்கு இல்லை. அதிலும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. சுரண்டுகிறவனைப் படிப்பவன் விரைவிலேயே இனங்கண்டு வெறுத்துவிடுகிறான். அவனிடம் நன்றி கொண்டு, அவனைக் காட்டிக்கொடுக்க மனமின்றித் தவிக்கும் மலைமகனின் உள்ளத்தைத் தமிழில் இன்னும் எவரும் முழுமையாக எழுதவில்லை என்றே நினைக்கிறோம். உண்மையில் கடினமான இடம் அதுவே. முன்பணம் தந்தவன் யார் என்று கேட்கும்போது ஒரு குடும்பம் வாய்மூடிக்கொள்வது அச்சத்தால் மட்டுமன்று. ஆபத்தில் அவன் ஒருவனே வந்தான் என்பதாலும்தான்.

நம் பிரசங்கங்களும் இக்குறையிலிருந்து தப்பவில்லை. நாபோத்தின் திராட்சத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது யேசபேலைக் கடிந்துகொள்கிறோம். ஆகாபின் பேராசையையும் விரிவாகச் சொல்லுகிறோம். ஆனால் இராஜாக்கள் முதலாம் புத்தகம் 21-ஆம் அதிகாரத்தில் யேசபேலின் கடிதம் யாருக்குப் போகிறது? நாபோத்தோடு ஒரே பட்டணத்தில் வாழ்ந்த மூப்பருக்கும் பெரியோருக்கும் போகிறது. அவர்கள் உபவாசம் கூறுகின்றனர். நாபோத்தை மக்கள் முன்னிலையில் உயர்ந்த இடத்தில் அமர்த்துகின்றனர். மரியாதை செய்து கொல்லுகிறார்கள். அவர்கள் ஒருவரின் பெயரும் திருமறையில் இல்லை. நம் பிரசங்கத்திலும் இல்லை.

யோசேப்பின் கதையிலும் இப்படியே. போத்திபாரின் மனைவி குற்றஞ்சாட்டும்போது யோசேப்பின் பெயரைச் சொல்லவில்லை. எபிரெயன் என்றே சொல்லுகிறாள். அவ்வொரு சொல் போதுமானதாக இருந்தது, சாட்சி விசாரிக்கப்படவில்லை. நம் வகுப்புகளில் இப்பகுதி கற்பு பற்றிய பாடமாகவே நடத்தப்பட்டுவருகிறது.

இத்தனையும் ஏன் நம் ஏட்டில் எழுதுகிறோம் எனில், திருச்சபையும் நண்பன் என்ற பெயரிலேயே மலையேறுகிறது. பள்ளியும் மருந்தும் கொண்டு சென்றவர் பலர். அவர்களின் நற்பணியை நாம் குறைக்கவில்லை. எனினும் நிழற்படம் எடுத்து அறிக்கை அனுப்பி, பின்பு மலைப்பக்கம் திரும்பாதவரும் உளர். அடுத்து அம்மலைக்குச் செல்லும் மாணவர் குழு 'ஜெய் பீம்' படத்தைத் திரையிட்டுக் காட்டட்டும், தடையில்லை. படம் முடிந்தபின் மலைமக்களை நோக்கி, இதில் உங்கள் ஊர் மேஸ்திரி எங்கே என்று கேட்கட்டும். விடையைக் குறித்துக்கொள்ளும்போது, தாங்கள் எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுவர வேண்டும்.