பெட்டிக்குத் திரும்பும் சிப்பாய்

‘டைம் மெஷின்’ எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ், 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்றொரு குட்டிப் புத்தகம் போட்டார். தரையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் சுட்டு வீழ்த்தும் ஆட்டத்துக்கு ரூல் புக். நிஜ யுத்தத்துக்குப் பதில் இதை ஆடுங்களேன் என்கிறார். அடுத்த வருஷமே உலகப் போர்!

படிக்க ஜாலியான புத்தகம்தான். ஆனால், செஸ் மாதிரியே இதிலும் பொதுவாக இரண்டு பக்கமும் சம பலம். நிஜத்தில் எந்தச் சண்டை அப்படி நடந்தது? நம்ம ஆடுபுலி ஆட்டம் இந்த விஷயத்தில் கெட்டி. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டினால் ஆடு காலி. ஆட்டால் யாரையும் வெட்ட முடியாது; நெருக்கி நெருக்கி, புலியை நகரவிடாமல் பண்ணினால் ஜெயம். இரண்டு பக்கமும் ஆடிப் பாருங்கள், மூளை வேறு வேறு விதமாக வேலை செய்யும்.

இரண்டு ஆட்டத்திலும் சாவு மட்டும் விளையாட்டுதான். விழுந்த சிப்பாய் பெட்டிக்குப் போய் நாளைக்கு மறுபடி வருவான். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் செத்தவனுக்கெல்லாம் கல் நட்டிருக்கிறார்கள்.

தருமபுரிதான் பழைய தகடூர். பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானிடமிருந்து பிடித்த ஊர். அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’யில் சில பாட்டுகளே மிச்சம். போர்டு கேம் பண்ணுகிறவர்களுக்கு ரெடிமேட் சப்ஜெக்ட். யாராவது எடுத்தால் ஒரு ரூல் சேர்த்துக்கொள்ளுங்கள்: காய் விழுந்த கட்டத்தில் ஒரு கல் வைக்க வேண்டும். அப்புறம் அந்தக் கட்டத்தில் யாரும் காய் நகர்த்தக் கூடாது.