தனிமொழியும் கேட்போனும்

தமிழ் நாடக மேடையில் பேச்சுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஒருவன் தனித்து நின்று நெடிது பேசுவான். கொட்டகை அதிரக் கைதட்டும். ஆயினும் அவன் யாரை நோக்கிப் பேசினான், எதைப் பெற வேண்டிப் பேசினான் என்று வினவின், விடை கூறவல்லார் சிலரே.

அண்மையில் சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில் நடைபெறும் தமிழ் நாடக வகுப்பொன்றின் பயிற்சி அரங்கைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு தனிமொழி நடித்தனர். அவற்றுள் இரண்டினை மட்டும் ஈண்டு ஆராய்வோம்.

முதலில் வந்த இளைஞர், 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' படத்தின் நீதிமன்றப் பேச்சை எடுத்துக்கொண்டார். மு. கருணாநிதி எழுத, சிவாஜி கணேசன் பேசி, தமிழ்நாடு முழுதும் மனப்பாடம் செய்த பேச்சு அது. இளைஞரின் நாவில் ஒரு சொல்லும் பிறழவில்லை. ஆனால் அவர் தொடக்கமுதல் இறுதிவரை நம்மையே பார்த்துப் பேசினார். நீதிபதியை அடியோடு மறந்தார். தங்கைக்குத் தீங்கிழைக்க முனைந்த பூசாரியைத் தாக்கிய குற்றத்திற்காகக் கூண்டில் நிற்பவன் குணசேகரன். நீதிபதியின் உள்ளத்தை மாற்ற வேண்டிய கட்டாயம் அவனுக்கு உண்டு. அக்கட்டாயத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது பாடம் ஒப்புவித்தலேயாம்.

இக்குறை அவ்விளைஞர் ஒருவருடையதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துப் பாலர் நாடக சபைகளில் சிறுவர்கள் பாடத்தை நெட்டுருப் போட்டே நடிகராயினர். திருத்தமான உச்சரிப்பும் அஞ்சாத குரலும் அப்பயிற்சி தந்த செல்வங்கள். பின்னர் அறிஞர் அண்ணாதுரை போன்றோர் நாடக மேடையைச் சீர்திருத்தப் பிரசார மேடையாக்கினர். எழுத்தறியாத மக்களுக்கு அன்று மேடையே பத்திரிகை. ஆதலின் அவர்கள் செய்தது காலத்திற்கேற்ற தொண்டு. அத்தொண்டின் பயனை நுகர்ந்த நாம் அதனை இகழோம். ஆனால் அவர்தம் அடுக்குமொழியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைப் பிறப்பித்த சினத்தை விட்டுவிடுதல் முறையாகாது.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நோக்குக. கண்ணகி தன் சொல்நயத்தை எவரும் மெச்ச வேண்டுமென்று பேசவில்லை. பாண்டியன் விடை கூறியே தீரவேண்டும். சிலம்பு உடைகிறது, முத்தன்று, மாணிக்கம் தெறிக்கிறது. கேட்டவன் உயிரை விடுகிறான். தனிமொழியின் உயிர் இதுவே. பேசுவது ஒரு வாயாயினும், கேட்கும் செவி ஒன்று மேடையில் இருந்தே ஆகவேண்டும்.

அடுத்து வந்த மாணவி, தம் பாட்டியார் சொல்லக் கேட்டதிலிருந்து தாமே புனைந்த தனிமொழியை நடித்தார். ஜொகூர்த் தோட்டமொன்றில் பால் வெட்டும் பெண்ணொருத்தி, சம்பள நாளில் கிராணியின் மேசைமுன் நிற்கிறாள். "கிராணி ஐயா, மழை விட்டப்புறம் நானும்தான் வெட்டுக்குப் போனேன். எனக்கு மட்டும் ஏன் அரைப்பேரு போட்டீங்க?" என்கிறாள். பிறகு வாய் மூடிக் காத்திருக்கிறாள். மேசைக்கப்பால் எவரும் இல்லை. எனினும் அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பதை அவள் கண்களில் நாம் கண்டோம். மறுபடியும் கேட்கிறாள், இம்முறை 'ஐயா' இல்லை.

நாமும் தோட்டத்துப் பேரேட்டின் முன் அமர்ந்து பிழைப்பவரே. அவ்வெற்று நாற்காலியில் நாமே இருப்பதாக உணர்ந்தோம்; கைதட்டவும் மறந்தோம். முந்திய பேச்சுக்கு நாம் கைதட்டியது எளிதாயிருந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று: அதில் நம்மை எவரும் எதுவும் கேட்கவில்லை.

குறையும் சொல்லல் வேண்டும். இறுதியில் அம்மாணவி மேசையை விட்டு முன்வந்து, தொழிலாளர் ஒற்றுமை குறித்துச் சபைக்கு உபதேசம் செய்தார். கருத்து நன்றே, இடம் தவறு. அப்பெண் விடை பெறாமலே திரும்பிச் சென்றிருப்பின், அவ்வுபதேசத்தை நாமே நமக்குச் செய்துகொண்டிருப்போம்.

தனிமொழி விளையாட்டன்று என்பதற்குச் சிங்கப்பூரே சான்று. இளங்கோவன் இயற்றிய 'தலாக்' என்னும் ஒருவர் நாடகம், மணவாழ்வில் கொடுமையுற்ற இந்திய முஸ்லிம் பெண்களின் அனுபவங்களினின்று எழுந்தது. 1998-இல் தமிழில் மேடையேறிய அதில் நர்கீஸ் பானு நடித்தார். சமய அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. 2000-இல் ஆங்கிலத்திலும் மலாயிலும் அதனை நடிக்க உரிமம் மறுக்கப்பட்டது. மேடையில் ஒரே ஒரு பெண் பேசியதற்கு இத்துணை கலக்கம் ஏன்? அவள் பேச்சு எவரைச் சுட்டிற்றோ, அவர் காதில் அது விழுந்தது என்பதே காரணம்.

ஆதலின் நாடக ஆசிரியர்கட்கு நாம் கூறுவது இது. மாணவர்க்குப் பிறர் பேச்சை நாப்பழக்கத்திற்காகக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அத்துடன் நில்லாது, அவரவர் வீட்டுப் பெரியோரிடம் சென்று, அவர்கள் யாரிடம் எதைக் கேட்க எண்ணிக் கேளாமலே விட்டனர் என்று அறிந்துவரச் செய்யுங்கள். அங்கே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தனிமொழி காத்திருக்கிறது. அதைக் கேட்க வேண்டியவர்கள், நம்மையும் சேர்த்து, சபையில் வந்து அமர்வார்களாக.